வரம்பு வேட்பாளருக்கு, பணம் கட்சிக்கு

கேள்வி இது: "சட்டமன்ற வேட்பாளர் 40 லட்சத்துக்கு மேல் செலவு செய்யக்கூடாது என்கிறார்கள். எங்கள் ஊரில் தலைவர் வந்து பேசிய ஒரே கூட்டத்துக்கே அதைவிட அதிகம் ஆகியிருக்கும். யாரும் மாட்டவில்லையே, எப்படி? பேசாமல் அரசாங்கமே தேர்தல் செலவைக் கொடுத்துவிட்டால் இந்தத் தொல்லை தீராதா?"

உங்கள் ஊர்க் கூட்டத்திலிருந்தே தொடங்குகிறேன். அந்த மேடையில் உங்கள் வேட்பாளர் நின்றாரா, அவர் பெயரோ படமோ பேனரில் இருந்ததா என்பதைப் பொறுத்துத்தான் பதில். இருந்தால், கூட்டச் செலவு அவர் கணக்கில் ஏற வேண்டும். மேடையில் நான்கு தொகுதி வேட்பாளர்கள் நின்றிருந்தால் நால்வருக்கும் பங்கு பிரியும். கட்சியின் சின்னமும் தலைவரின் படமும் மட்டும் இருந்து, வேட்பாளரின் பெயரை யாரும் சொல்லவில்லை என்றால் அது கட்சியின் பொதுப் பிரச்சாரம். அந்தச் செலவு கட்சியுடையது. கட்சிக்கு உச்சவரம்பு இந்தியாவில் கிடையாது. பிரிட்டனில் வேட்பாளருக்கும் உண்டு, கட்சிக்கும் உண்டு. இங்கே கட்சி எத்தனை கோடி செலவழித்தாலும், சட்டமன்றத் தேர்தல் என்றால் 75 நாளில், மக்களவை என்றால் 90 நாளில் தேர்தல் ஆணையத்திடம் கணக்கு கொடுத்தால் போதும்.

தலைவர் ஹெலிகாப்டரில் வந்தாரா? அதுவும் வேட்பாளர் தலையில் விழாது. அங்கீகரிக்கப்பட்ட கட்சி 40 பேரை 'நட்சத்திரப் பேச்சாளர்' என்று பட்டியல் கொடுக்கலாம். அங்கீகாரம் இல்லாத பதிவு பெற்ற கட்சிக்கு 20 பேர். அவர்களுடைய பயணச் செலவு கட்சிக் கணக்கு. வேட்பாளரும் அதே வண்டியில் ஏறிக்கொண்டால் மட்டும் பாதிச் செலவு அவர் கணக்கில் சேரும். விவரம் தெரிந்த வேட்பாளர் ஹெலிபேடில் சால்வையோடு காத்திருப்பாரே தவிர ஹெலிகாப்டரில் ஏற மாட்டார்.

இனி அந்த 40 லட்சம். 2022 ஜனவரி முதல் தமிழ்நாடு போன்ற பெரிய மாநிலங்களில் சட்டமன்ற வேட்பாளருக்கு 40 லட்சம், மக்களவை வேட்பாளருக்கு 95 லட்சம். பெரிய தொகையாகத் தெரியும். கொஞ்சம் வகுத்துப் பாருங்கள். 2024 மக்களவைத் தேர்தலில் தமிழ்நாட்டில் 6.23 கோடி வாக்காளர்கள், 39 தொகுதிகள். ஒரு தொகுதிக்கு ஏறக்குறைய 16 லட்சம் பேர். ஆளுக்கு ஆறு ரூபாய் கூட வராது. ஒவ்வொரு வாக்காளருக்கும் ஐந்து ரூபாய் தபால்தலை ஒட்டி ஒரே ஒரு கடிதம் போட்டால் தபால்தலைக்கே 80 லட்சம் போய்விடும். ஆகவே இந்த வரம்பு அதிகமா குறைவா என்று கேட்டால், நேர்மையாகச் செலவு செய்பவனுக்குக் குறைவு, கணக்கில் காட்டாதவனுக்கு அதைப் பற்றிக் கவலையே இல்லை என்பதுதான் என் அபிப்பிராயம்.

எனக்கு இதில் கொஞ்சம் சொந்த அனுபவம் உண்டு. என் தொழில் கணக்கு எழுதுவது. தெரிந்தவர் ஒருவர் சட்டமன்றத் தேர்தலில் சுயேச்சையாக நின்றார், "அண்ணே, கணக்கை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று நோட்டை என் கையில் கொடுத்துவிட்டார். வேட்புமனு போடும்போதே அந்தப் பதிவேட்டைத் தந்துவிடுவார்கள். உள்ளே மூன்று நிறத்தில் தாள்கள் இருக்கும்: வெள்ளையில் அன்றாடச் செலவு, இளஞ்சிவப்பில் ரொக்கம், மஞ்சளில் வங்கிக் கணக்கு. மனு போடுவதற்கு ஒரு நாள் முன்பாவது தேர்தலுக்கென்று தனி வங்கிக் கணக்கு தொடங்கியிருக்க வேண்டும். ஒரே ஆளுக்குப் பத்தாயிரம் ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுக்கக்கூடாது. பிரச்சாரக் காலத்தில் மூன்று முறை பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு போய்ச் செலவினப் பார்வையாளரிடம் காட்ட வேண்டும்.

பொருள்களின் விலையை நாம் விருப்பப்படி எழுத முடியாது. மாவட்டத் தேர்தல் அலுவலர் கட்சிகளைக் கூப்பிட்டுப் பேசி முன்கூட்டியே விலைப்பட்டியல் போட்டுவிடுவார். நாற்காலி, ஷாமியானா, மைக் செட், டீ, இட்லி, பிரியாணி, சால்வை, கொடி, பட்டாசு என்று கல்யாண மண்டப பில் மாதிரி இருக்கும் அது. இன்னொரு பக்கம் வீடியோ குழு ஒன்று கூட்டங்களைப் படம் பிடிக்கும். அதைப் போட்டுப் பார்த்து எழுதுவதற்குத் தனிக் குழு. அவர்கள் எழுதுவது 'நிழல் பதிவேடு'. நம் நோட்டையும் நிழல் பதிவேட்டையும் பக்கத்தில் வைத்துச் சரிபார்ப்பார்கள். எங்கள் நோட்டில் 150 நாற்காலி, அவர்களுடையதில் 200. வீடியோவை நிறுத்தி நிறுத்தி வரிசை வரிசையாக எண்ணியிருக்கிறார்கள். அந்த ஐம்பதில் பாதி எதிரே இருந்த டீக்கடையின் பெஞ்சும் ஸ்டூலும் என்று புரியவைக்க அரைநாள் போயிற்று. அதே வாரம் அதே தொகுதியில் ராத்திரி வேளையில் வீடு வீடாக என்ன நடந்தது என்பது ஊருக்கே தெரியும். அதற்கு நிழல் பதிவேட்டில் பக்கம் கிடையாது.

வண்டிகளை நிறுத்திப் பணத்தைச் சோதிக்கும் பறக்கும் படையும், சோதனைச் சாவடியில் நிற்கும் நிலைக் கண்காணிப்புக் குழுவும் வேலை செய்யவில்லை என்று நான் சொல்லவில்லை. 2010-இல் இந்த ஏற்பாடு வந்த பிறகு ஃபிளெக்ஸ், சுவர் விளம்பரம், வண்டி ஊர்வலம் எல்லாம் கண்ணுக்குத் தெரியும்படியே அடங்கியிருக்கின்றன. ஆனால் பில் உள்ள செலவை மட்டுமே அது பிடிக்கிறது. ஐம்பதாயிரத்துக்கு மேல் ரொக்கம் கையில் வைத்திருந்து ஆவணம் காட்ட முடியாமல் மாட்டுகிறவர்களில் மாட்டு வியாபாரி, கல்யாண வீட்டுக்காரர், முட்டைக் கொள்முதல்காரர் எல்லாரும் உண்டு. சட்டத்தின் கணக்கு இன்னொரு விதத்திலும் ஓட்டை. வேட்புமனு தாக்கல் செய்த நாளிலிருந்து முடிவு அறிவிக்கும் நாள் வரைதான் செலவு கணக்கில் வரும். அதற்கு முன் ஆறு மாதம் கோயில் திருவிழாவுக்கும் கபடிப் போட்டிக்கும் அள்ளி இறைத்தாலும் அது தேர்தல் செலவு இல்லை.

சரி, வரம்பை மீறினால் என்ன ஆகும்? மீறுவது மக்கள் பிரதிநிதித்துவச் சட்டப்படி ஊழல் நடவடிக்கை. ஆனால் அதற்குத் தோற்றவரோ வாக்காளரோ 45 நாளுக்குள் உயர் நீதிமன்றத்தில் தேர்தல் வழக்குப் போட வேண்டும். முடிவு வந்து 30 நாளில் கணக்கே கொடுக்காதவரை ஆணையம் மூன்று ஆண்டு தகுதிநீக்கம் செய்யலாம். தப்புக் கணக்கு கொடுத்தவரையும் செய்யலாம் என்று உச்ச நீதிமன்றம் பிறகு சொன்னது. அப்படிப் பதவியில் இருந்த சட்டமன்ற உறுப்பினர் ஒருவர் தகுதி இழந்தது 2011-இல், உத்தரப் பிரதேசத்தின் உம்லேஷ் யாதவ். நாளிதழில் செய்தி போல வந்த விளம்பரத்தின் செலவை அவர் கணக்கில் காட்டவில்லை. மாட்டியது ஒரு சின்ன மீன். மறுபக்கம் பாருங்கள்: 2013-இல் பாஜக தலைவர் கோபிநாத் முண்டே ஒரு நிகழ்ச்சியில், 2009 மக்களவைத் தேர்தலில் தனக்கு எட்டு கோடி செலவானது என்று மேடையிலேயே சொன்னார். அன்றைய வரம்பு 25 லட்சம். நோட்டீஸ் போனது, பதவி போகவில்லை. அடுத்த ஆண்டு மத்திய அமைச்சரும் ஆனார்.

இந்த ஓட்டை தற்செயலாக விழுந்ததா என்று கேட்பீர்கள். இல்லை. 1974 அக்டோபரில் கன்வர் லால் குப்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகவே சொன்னது: வேட்பாளருக்குத் தெரிந்து, அவருக்காகக் கட்சி செய்யும் செலவும் அவர் கணக்கில்தான் சேரும். அந்தத் தீர்ப்பு நின்றிருந்தால் நீங்கள் இன்று இந்தக் கேள்வியைக் கேட்டிருக்க மாட்டீர்கள். சில வாரங்களில் இந்திரா காந்தி அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்து, கட்சியும் நண்பர்களும் செய்யும் செலவு வேட்பாளர் செலவே ஆகாது என்று மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 77-ஆம் பிரிவில் ஒரு விளக்கத்தைச் சேர்த்துவிட்டது. அதற்கப்புறம் ஏறக்குறைய முப்பது ஆண்டு வரம்பு என்பது காகிதத்தில்தான். 2003-இல் திருத்தி, நட்சத்திரப் பேச்சாளர் பயணத்துக்கு மட்டும் விலக்கு என்று சுருக்கினார்கள். அப்போதும் கட்சிக்கென்று ஒரு வரம்பு போடவில்லை.

நீதிமன்றம் கதவை மூடினால் நாடாளுமன்றம் ஜன்னலைத் திறக்கும் கதை இன்னொன்றும் உண்டு. காங்கிரஸ், பாஜக இரண்டுமே வெளிநாட்டு நிதிச் சட்டத்தை மீறி நன்கொடை வாங்கின என்று 2014-இல் டெல்லி உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பிறகு நிதி மசோதாக்களுக்குள் வைத்து அந்தச் சட்டத்தையே 1976 வரை பின்தேதியிட்டுத் திருத்திவிட்டார்கள். மற்ற விஷயங்களில் மைக்கைப் பிடுங்கிச் சண்டை போடுகிறவர்கள் இதில் மட்டும் சத்தமே போடவில்லை.

செலவை விட்டு வரவுக்கு வருவோம், ஏனென்றால் உண்மையான விஷயம் அங்கேதான் இருக்கிறது. கம்பெனிகள் கட்சிக்குப் பணம் கொடுப்பது ஜனநாயகத்துக்கு ஆபத்து என்று பம்பாய் உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி எம்.சி. சாக்ளா எச்சரித்தது 1957-இல், டாடா இரும்பு ஆலை வழக்கில். 1969-இல் கம்பெனி நன்கொடையை அடியோடு தடை செய்தார்கள். மாற்று வழி எதையும் தராமல் தடை செய்ததால் காசோலை போய்ப் பெட்டி வந்தது. கறுப்புப் பணம் தேர்தலுக்குள் நிரந்தரமாகக் குடியேறியது அந்தக் காலத்தில்தான் என்று பலர் சொல்வார்கள், நானும் அந்தக் கட்சி. 1985-இல் தடையை நீக்கி, சராசரி லாபத்தில் ஐந்து சதவீதம் வரை தரலாம் என்றார்கள். 2013-இல் அது ஏழரை சதவீதம் ஆனது. 2017-இல் அந்த வரம்பையும் எடுத்துவிட்டார்கள். லாபமே இல்லாத கம்பெனியும் எவ்வளவு வேண்டுமானாலும் தரலாம், எந்தக் கட்சிக்கு என்று சொல்லவும் வேண்டாம்.

அதோடு சேர்ந்து வந்ததுதான் தேர்தல் பத்திரம். 2018 ஜனவரியில் அறிவிப்பு. ஸ்டேட் வங்கியில் ஆயிரம் ரூபாயிலிருந்து ஒரு கோடி வரை பத்திரம் வாங்கிக் கட்சியிடம் கொடுக்கலாம், கட்சி 15 நாளில் மாற்றிக்கொள்ள வேண்டும், பெயர் வெளியே வராது. வங்கிக்குத் தெரியும், ஓட்டுப் போடுகிற உங்களுக்கும் எனக்கும் தெரியாது. மொத்தம் 16,518 கோடி ரூபாய் இந்த வழியாகப் போன பிறகு, 2024 பிப்ரவரி 15-ஆம் தேதி டி.ஒய். சந்திரசூட் தலைமையிலான ஐந்து நீதிபதிகள் அமர்வு அதை ரத்து செய்தது. வாக்காளரின் தகவல் அறியும் உரிமையை மீறுகிறது என்பது காரணம். கம்பெனி நன்கொடைக்கு வரம்பே இல்லாமல் செய்த திருத்தமும் அதோடு போயிற்று. விவரம் கொடுக்க ஜூன் 30 வரை அவகாசம் வேண்டும் என்று வங்கி கேட்டது. நீதிமன்றம் மறுத்தது. சில நாளில் பட்டியல் வெளியே வந்துவிட்டது.

பட்டியலில் முதலிடம் எந்தத் தொழிலதிபருக்கு என்று நாடே பார்த்துக்கொண்டிருந்தபோது வந்த பெயர் நம் கோயம்புத்தூர் பக்கத்து லாட்டரி மார்ட்டினின் ஃபியூச்சர் கேமிங், 1,368 கோடி. அதில் 509 கோடி திமுகவுக்குப் போனது என்பது திமுக ஆணையத்திடம் தானே கொடுத்த கணக்கிலேயே இருந்தது. கொடுத்தவர் பெயரை வெளியிட்ட சில கட்சிகளில் அதுவும் ஒன்று. அதிமுகவும் சொன்னது, பெரும்பகுதி சென்னை சூப்பர் கிங்ஸ் கொடுத்தது, மொத்தமே ஆறு கோடிச் சொச்சம். பாஜகவுக்கு வந்தது 6,986 கோடி. கொடுத்தது யார் என்று அது தானாகச் சொல்லவில்லை. எல்லாக் கட்சியும் வாங்கியது, அளவுதான் வேறு.

பத்திரம் போய்விட்டதால் எல்லாம் வெளிச்சமாகிவிட்டது என்று நினைக்க வேண்டாம். இருபதாயிரத்துக்கு மேல் கொடுத்தவர் பெயரைத்தான் கட்சி ஆணையத்திடம் சொல்ல வேண்டும். ரொக்கமாக இரண்டாயிரம் வரை வாங்கலாம். ஒரு பெரிய தொகையை இரண்டாயிரம் இரண்டாயிரமாக உடைத்து எழுத எத்தனை ரசீதுப் புத்தகம் வேண்டும் என்று கணக்கு எழுதுகிறவனைக் கேட்டால் சொல்வான்.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்வி, அரசே செலவைக் கொடுத்தால் என்ன. முதலில், அரசு ஏற்கெனவே கொஞ்சம் கொடுக்கிறது. கட்சியின் வருமானத்துக்கு வருமான வரி கிடையாது. கட்சிக்கு நன்கொடை கொடுத்தால் அந்தத் தொகையைக் கம்பெனியும் தனிநபரும் வருமானத்தில் கழித்துக்கொள்ளலாம். தூர்தர்ஷனிலும் ஆல் இந்தியா ரேடியோவிலும் அங்கீகரிக்கப்பட்ட கட்சிகளுக்கு இலவச நேரம். அவற்றின் வேட்பாளர்களுக்கு வாக்காளர் பட்டியல் இலவசம்.

நேரடியாகத் தருவது பற்றி இங்கே கமிட்டிக்குப் பஞ்சமில்லை. 1990-இல் தினேஷ் கோஸ்வாமி கமிட்டி, 1998-இல் இந்திரஜித் குப்தா கமிட்டி. இரண்டுமே ரொக்கமாக வேண்டாம், பொருளாகக் கொடுங்கள் என்றன: எரிபொருள், காகிதம், தபால், ஒலிபெருக்கி மாதிரி. 1999-இல் சட்ட ஆணையம், முழுச் செலவையும் அரசு தரலாம், ஆனால் வேறெங்கும் வாங்கக்கூடாது என்று நிபந்தனை போட வேண்டும் என்றது. 2015-இல் அதே ஆணையம், முழுதாகத் தருவது இன்றைக்கு நடக்கிற காரியமில்லை, பொருளாகக் கொஞ்சம் உதவலாம் என்று இறங்கி வந்தது. எதுவும் சட்டமாகவில்லை.

வெளிநாட்டில் இரண்டு உதாரணம் போதும். அமெரிக்காவில் அதிபர் வேட்பாளருக்கு அரசுப் பணம் உண்டு, வாங்கினால் அதற்கு மேல் திரட்டக்கூடாது. 2008-இல் மெக்கெய்ன் 8.4 கோடி டாலரை வாங்கிக்கொண்டார். ஒபாமா வேண்டாம் என்று சொல்லிவிட்டுத் தானே பல மடங்கு திரட்டினார். 2012 முதல் இரண்டு பெரிய கட்சியின் வேட்பாளர்களும் அந்தப் பக்கமே போகவில்லை. ஜெர்மனியில் வேறு மாதிரி: கட்சி வாங்கிய ஓட்டுக்கும், திரட்டிய சிறு நன்கொடைக்கும் ஏற்ப அரசு தரும், ஆனால் கட்சி சொந்தமாகச் சம்பாதித்ததைவிட அதிகமாகத் தராது. இங்கே எதையாவது பின்பற்றுவது என்றால் ஜெர்மன் வழியைத்தான் நான் சொல்வேன், ஏனென்றால் அது தொண்டனிடம் ரசீது போட்டு நூறு ரூபாய் வாங்கும் பழக்கத்தை மறுபடி கொண்டுவரும்.

ஆனால் நம் ஊர்ப் பணப் பட்டுவாடாவை அது நிறுத்துமா என்று கேட்டால், நிறுத்தாது. 2009 ஜனவரி இடைத்தேர்தலுக்குப் பிறகு 'திருமங்கலம் ஃபார்முலா' என்று ஒரு சொல்லே தமிழுக்கு வந்துவிட்டது. 2016-இல் அரவக்குறிச்சி, தஞ்சாவூர் தேர்தல்கள் நின்றன. 2017 ஏப்ரலில் ஆர்.கே. நகர், வாக்குப்பதிவுக்கு மூன்று நாள் முன்பு ரத்து. 2019-இல் வேலூர், பணத்துக்காக நாட்டிலேயே முதன்முதலாக ரத்தான மக்களவைத் தேர்தல். நான்கிலும் சில மாதம் கழித்துத் தேர்தல் நடந்தது, முக்கிய வேட்பாளர்களில் பெரும்பாலும் அதே முகங்கள்தான். வாக்குச்சாவடியைக் கைப்பற்றினால் தேர்தலை ரத்து செய்யச் சட்டத்தில் தனிப் பிரிவு இருக்கிறது. பணத்துக்கும் அதுபோல ஒன்று வேண்டும் என்று ஆணையம் கேட்டும் வரவில்லை, ஆணையத்துக்குப் பொது அதிகாரம் தரும் அரசியல் சட்டத்தின் 324-ஆம் பிரிவைத்தான் ஒவ்வொரு முறையும் எடுக்க வேண்டியிருக்கிறது. அரசு தரும் டீசலும் காகிதமும் பில் உள்ள செலவுக்குப் போகும். கவரில் போகிற பணத்துக்கு எந்தக் காலத்திலும் பில் இருந்ததில்லை. ஆகவே அரசு நிதி வந்தால் கட்சிகளுக்கு இந்தப் பக்கம் மிச்சமாகும் பணம் அந்தப் பக்கம் போகும் வாய்ப்புதான் அதிகம்.

அப்படியானால் நான் அரசு நிதிக்கு எதிரியா? என் சுயேச்சை நண்பரை நினைத்தால் அப்படிச் சொல்ல வாய் வரவில்லை. மொத்தச் செலவு மூன்று லட்சத்துச் சொச்சம், அதில் பாதி கைமாற்று. பத்தாயிரம் டெபாசிட், பதிவான செல்லத்தக்க ஓட்டில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வாங்காததால் அதுவும் போயிற்று. வீட்டுக்கு ஒரு நோட்டீஸ் போட அவருக்குக் காசில்லை, அவர் நிற்கிறார் என்பதே பாதித் தொகுதிக்குத் தெரியாது. பொருளாக உதவி கொடுத்தால் பயன்படுவது இந்த மாதிரி ஆளுக்குத்தான். வேடிக்கை என்னவென்றால், குப்தா கமிட்டியின் பரிந்துரைப்படி உதவி அங்கீகரிக்கப்பட்ட கட்சிகளின் வேட்பாளர்களுக்கு மட்டும். சுயேச்சைக்கு ஒரு லிட்டர் டீசல் கூடக் கிடையாது.

கட்சிச் செலவுக்கு வரம்பும், நன்கொடைக்கு ஒரு ரூபாயிலிருந்து பெயரும் வந்த பிறகு அரசு நிதியைப் பற்றிப் பேசலாம் என்பது என் வரிசை. அதுவரை நீங்கள் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. வேட்பாளர் கொடுக்கும் செலவுக் கணக்கு ரகசியமில்லை. மாவட்டத் தேர்தல் அலுவலகத்தில் கட்டணம் கட்டி நகல் வாங்கலாம், பக்கத்துக்கு ஒரு ரூபாய்தான். உங்கள் வேட்பாளரின் கணக்கை வாங்கி, அந்தக் கூட்டம் நடந்த தேதிக்குரிய வெள்ளைத் தாளை எடுங்கள். உங்கள் போனில் அன்றைய மேடையின் படம் நிச்சயம் ஒன்றாவது இருக்கும். பேனரில் யார் படம் இருந்தது என்று பெரிதாக்கிப் பாருங்கள், அப்புறம் நாற்காலி எத்தனை என்று எழுதியிருக்கிறார்கள் என்பதையும் பாருங்கள்.